செவ்வாய்க்கிழமை அரிசி

ஸ்ரீராமஜயம்

கல்பாத்தி
8-1-1957

சின்னக்கானல் வட்டாரத் தீத்தடுப்பு நிவாரணச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீமதி மதலேனம்மாள் அவர்களுக்கு, தலைவர் சுப்பராமன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சேஷம்மாளும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.

சென்ற மார்ச்சில் புல்மேட்டுத் தீயில் வெந்துபோன இருபத்திரண்டு குடிசைகளையும் நம் சங்கம் மறுபடி கட்டி முடித்துவிட்டது என்று தாங்கள் எழுதியது கண்டு மகிழ்ந்தேன். தகரம் வரும்வரை புல்கூரைதான் என்பது கவலை. இந்தக் கோடையிலும் எரிந்தால் இரண்டாம் தடவை யாரும் நமக்கு ஒரு மூங்கில்கூடத் தர மாட்டார்கள். அந்த இருபத்திரண்டு குடும்பமும் பிள்ளைகுட்டியோடு போடிக்கு இறங்கிப் போக வேண்டியதுதான். அது நடக்கக் கூடாது.

ஆகவே முப்பத்தாறு விதிகள் எழுதி இத்துடன் அனுப்பியுள்ளேன். முக்கியமானவை மூன்று. விதி 4: அடுப்பு எரியும் இடமெல்லாம் பக்கத்தில் நிறைவாளி ஒன்று இருக்க வேண்டும். இதற்காகச் சிவப்புப் பெயின்ட் அடித்த வாளிகள் இருபத்துநான்கு லாரியில் வருகின்றன. மணல் நிரப்பி வாசலில் தொங்கவிடவும். விதி 9: சங்கம் எக்காரணம் கொண்டும் பொய் சொல்லி ஜனங்களின் ஒத்துழைப்பைப் பெறக் கூடாது. விதி 14: தீ கண்டவுடன் தப்பு அடித்து எச்சரிக்க வேண்டும்.

வரும் 20ஆம் தேதி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை நடத்தவும். அறிக்கை மூன்று பிரதிகளில் வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன் நான். ஒரு பிரதியை நம்பி எந்தக் காரியமும் நடந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சுப்பராமன்,
தலைவர்.

*

சேசு மரி சூசை துணை

சின்னக்கானல்
22-1-1957

தலைவர் ஐயா அவர்களுக்கு மதலேனம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

ஒத்திகை நடந்தது. வந்தவர் ஒருவர். அவரும் தப்படித்த சிலுவைராஜ்தான். இதை மூன்று பிரதி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐயா ஆபீஸுக்குள்ளேயே இருந்ததால் தெரிந்திருக்காது. இங்கே தப்புச் சத்தம் என்றால் பெரட்டு, விடியற்காலையில் வேலைக்கு ஆள் திரட்டுவது. அதை ஞாயிற்றுக்கிழமை அடித்தால், துரைக்கு ரோட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சிலுவைராஜ் இரண்டு அடி அடித்ததுமே வீட்டுக்கு வீடு கதவு சாத்தியாயிற்று. கால்வலி என்று ஆறு மாதமாக என்னிடம் தைலம் வாங்கும் பெரியமுத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறிவிட்டார். கீழே போய் நின்று கூப்பிட்டேன். "ஏ அக்கா, நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிருங்க" என்றார் மரத்திலிருந்து. இறக்குவதற்கு ஏணி கொண்டுவர வேண்டியதாயிற்று.

வாளிகள் வந்தன. இத்தனை அழகான வாளியில் மண்ணைக் கொட்டி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் தண்ணீர் பிடிக்கிறார்கள். பெரியமுத்து தன் வாளியை மகளுக்குச் சீரோடு வைத்து அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ரொம்பச் சந்தோஷம். ஒன்று என் டிஸ்பென்சரியில் இருக்கிறது. பிறந்த பிள்ளைகளை அதில்தான் குளிப்பாட்டுகிறேன். இதுவரை ஆறு பிள்ளைகள், எல்லாம் சுகம்.

ஐயா, விளையாட்டு இருக்கட்டும். புல் காய்ந்துவிட்டது. மேட்டுக்கும் குடிசைகளுக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்க வேண்டும். மண்ணைத் தீ தின்னாது. வாளியைவிட, விதியைவிட, அதுதான் அவசரம். நாளைக்கே தொடங்கட்டுமா?

தங்கள்,
மதலேனம்மாள்,
செயலாளர்.

*

ஸ்ரீராமஜயம்

கல்பாத்தி
29-1-1957

செயலாளர் அவர்களுக்கு.

தங்கள் ஒற்றைப் பிரதி கிடைத்தது. சீர் வரிசையில் போன வாளி சங்கத்தின் சொத்து. சம்பந்தி வீட்டாரிடம் பக்குவமாகப் பேசித் திரும்ப வாங்கவும். மாப்பிள்ளை முரண்டு பிடித்தால் எனக்கு எழுதவும், நான் முறைப்படி ஒரு கடிதம் அனுப்புகிறேன்.

தப்பு விஷயத்தில் திருத்தம் செய்துள்ளேன். கோயில் மணியை அடிக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் ரயில்வே கார்டு ஒருவரிடமிருந்து நல்ல விசில் ஒன்று கேட்டு வாங்கினேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு மைல் தூரம் கேட்கும். நான் இங்கே கூடத்தில் நின்று ஊதிப் பார்த்தேன். பக்கத்து அகத்தில் பால் பாத்திரம் விழுந்தது.

மண்பாதை வெட்டும் விஷயம். புல்மேடு சர்க்கார் நிலம். அதில் ஒரு புல்லைக் கிள்ளவும் அனுமதி வேண்டும். மேலிடத்துக்கு மனு அனுப்பியிருக்கிறேன், மூன்று பிரதிகளில். பதில் வரும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. காரியம் சரியாக இருந்தால் போதாது, காகிதமும் சரியாக இருக்க வேண்டும்.

இதைச் சேஷம்மாளிடம் படித்துக் காட்டினேன். "தீ வந்து உங்ககிட்ட அனுமதி கேட்டுண்டா வரும், கேட்டேளா?" என்றாள். அவளுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது.

இப்படிக்கு,
சுப்பராமன்,
தலைவர்.

*

சேசு மரி சூசை துணை

சின்னக்கானல்
11-2-1957

தலைவர் ஐயா அவர்களுக்கு.

நேற்று விசில் ஒத்திகை. நூற்றுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். போன தடவை பயந்து ஒளிந்தவர்களை வீடு வீடாகப் போய் நானே இழுத்து வந்தேன். விசிலை ஊதினேன். அத்தனை பேரும் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஏனென்றால் தேயிலைக் கொழுந்துக்காட்டில் விசில் ஊதினால் சாப்பாட்டு நேரம். சோறு கொண்டுவராதவர்கள் கொண்டுவந்தவர்களிடம் பங்கு கேட்டார்கள். தீ எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். "சாப்பிட்டுட்டு நெனைக்கோம்க்கா" என்றார் பெரியமுத்து.

கோயில் மணியும் வேண்டாம். அதை அகால நேரத்தில் அடித்தால் சாவு. யார் செத்தது என்று விசாரித்து, குளித்து, வெள்ளை உடுத்திக்கொண்டுதான் வருவார்கள். அதற்குள் மேடு முழுக்க எரிந்திருக்கும்.

இந்த மலையில் எல்லாரையும் ஓடவைக்கும் சத்தம் ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை அரிசி போடும்போது கடை வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று தடவை அடிக்கிறார்களே, அது. கிழடு, கட்டை, காய்ச்சல்காரர் எல்லாரும் பறந்து வருவார்கள். ஆளுக்கொரு காலிச் சாக்கோடு வருவார்கள். ஐயா, அந்தச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து அடித்தால் புல்தீக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. இதைத்தான் நம் எச்சரிக்கையாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அனுமதி விஷயம். ஐயாவுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. போன வருஷம் ஜனவரியிலும் இதே மண்பாதை வெட்டச் சொல்லி ஆபீஸுக்கு மனுக் கொடுத்தேன். அது திரும்பி வந்தபோது மூலையில் முத்து முத்தாக எழுதியிருந்தது: "அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம்." கீழே தங்கள் கையெழுத்து. மார்ச்சில் இருபத்திரண்டு குடிசை. அந்தக் காகிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது. இந்தத் தடவை நான் காத்திருக்கப் போவதில்லை.

மதலேனம்மாள்,
செயலாளர்.

*

ஸ்ரீராமஜயம்

கல்பாத்தி
18-2-1957

ஸ்ரீமதி மதலேனம்மாளுக்கு.

தங்கள் கடிதத்தின் கடைசிப் பாராவை நான் படிக்காததாகவே வைத்துக்கொள்கிறேன்.

அரிசி மணி யோசனையை நிராகரிக்கிறேன். அரிசி இல்லாமல் அரிசி மணி அடிப்பது பச்சைப் பொய். விதி 9 அதைத் தடுக்கிறது. விதியை எழுதிய மை காய்வதற்குள் அதை மீறும் சங்கத்துக்குத் தலைவராக இருக்க எனக்கு இஷ்டமில்லை. மேலும், ஒரு தடவை ஏமாந்தவர்கள் மறு தடவை நிஜமான அரிசிக்கும் வர மாட்டார்கள்.

அனுமதியில்லாமல் மண்பாதை வெட்டப் போவதாக மிரட்டியதற்காக, விதி 22இன்படி தங்களைச் செயலாளர் பதவியிலிருந்து தற்காலிகமாக நீக்குகிறேன். பதினைந்து நாளில் விளக்கம் அனுப்பவும். சங்கத்தின் முத்திரையைத் திருப்பி அனுப்பவும்.

சொந்த முறையில் ஒன்று. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் என் கையெழுத்தைக் குறை சொன்னவர் எவருமில்லை. தாங்கள் ஒருவர்தான்.

சேஷம்மாளுக்கு இரண்டு நாளாக என் மேல் கோபம். காபியை டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

சுப்பராமன்,
தலைவர்.

*

சேசு மரி சூசை துணை

சின்னக்கானல்
23-2-1957

சுப்பராமன் ஐயா அவர்களுக்கு.

நீக்கியதற்கு நன்றி. மனசிலிருந்த பாரம் இறங்கியது. சங்கத்தில் இருந்தவரை முப்பத்தாறு விதிகள் என் கையைக் கட்டியிருந்தன. இனி நான் வெறும் மருத்துவச்சி. இந்த மலையில் முப்பது வயசுக்குக் கீழ் இருக்கும் அத்தனை பேரையும் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழவைத்தவள் நான். நான் சொன்னால் மண்வெட்டி எடுப்பார்கள். அதற்கு விதி எண் கிடையாது.

முத்திரையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கடைசியாகச் சிலுவைராஜ் வீட்டுப் பன்றியின் முதுகில் அதன் அச்சைப் பார்த்தேன். பன்றி சங்கத்தில் சேர்ந்துவிட்டது என்று ஊரில் பேச்சு.

சேஷம்மாள் அம்மாளுக்கு என் வணக்கம்.

மதலேனம்மாள்,
செயலாளர் அல்ல.

*

ஸ்ரீராமஜயம்

கல்பாத்தி
6-3-1957

மதலேனம்மாள் அவர்களுக்கு.

மலைப்பக்கம் அங்கங்கே தீ என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. ஊர்ப் பெயர் போடவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். ஒரு பிரதி போதும்.

மேலிடத்துப் பதில் நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தேன். "அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம்." கையெழுத்து என்னுடையதைவிடச் சுமார்தான். ஆனால் அதே வார்த்தை. அதைப் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன்.

படிக்காததாக வைத்துக்கொள்கிறேன் என்றேனே, அந்தக் கடைசிப் பாராவை நான் படித்தேன். பத்துத் தடவை படித்தேன். போன வருஷம் அந்த மனு என் மேஜைக்கு வந்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. சாயங்காலம் நாலரை மணி. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். துரையிடம் கொண்டுபோய் விளக்கிச் சொல்லக் கால் மணி ஆகும். எழுதுவதற்கு அரை நிமிஷம் போதும். எழுதிவிட்டேன். தீயை நான் வைக்கவில்லை, ஆனால் அதற்கு வழிவிட்டவன் நான்தான். இந்தச் சங்கம், வாளி, விதி எல்லாம் அந்த ஒரு வரியை அழிக்கத்தான். அதைத் தங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

தலைவர் என்ற முறையில் உத்தரவு: உடனே மண்பாதை வெட்டவும். கேட்பவர்களிடம் சுப்பராமன் சொன்னான் என்று சொல்லவும். ஜெயிலுக்குப் போவதானால் நான் போகிறேன். சேஷம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் நீங்க மனுஷனாக்கும்" என்று சொல்லிக் காபியை மெதுவாக வைத்தாள்.

சுப்பராமன்.

*

சேசு மரி சூசை துணை

சின்னக்கானல்
10-3-1957

ஐயா அவர்களுக்கு.

மண்பாதை வெட்டச் சொல்லித் தாங்கள் 6ஆம் தேதி எழுதிய உத்தரவு இன்று கிடைத்தது. தீ 5ஆம் தேதியே வந்து போய்விட்டது. பயப்பட வேண்டாம். இருபத்திரண்டு குடிசையும் நிற்கின்றன. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பெரியமுத்துவின் மீசையில் வலது பாதி மட்டும் போயிற்று.

தாங்கள் என்னை நீக்கிய கடிதம் கிடைத்த அன்றே மண்பாதை வெட்டத் தொடங்கிவிட்டோம். முக்கால் பங்கு முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேட்டில் புகை. காற்று நம் பக்கம். வெட்டிய இடத்தில் தீ வந்து நிற்கும், வெட்டாத கால் பங்கில் நுழைந்துவிடும். கூப்பிட ஆள் வேண்டும். சிலுவைராஜ் தப்பை எடுத்தான், நான் வேண்டாம் என்றேன். ஓடிப்போய்த் தண்டவாளத்தை நானே மூன்று தடவை அடித்தேன். விதி 9 ஞாபகம் இருந்தது ஐயா. ஞாபகம் இருந்தும் அடித்தேன்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை அரிசி என்றதும், ஓட்டுப் போடும் நேரமாயிற்றே, யாரோ சும்மா கொடுக்கிறார்கள் என்று பக்கத்து எஸ்டேட்காரர்களும் வந்துவிட்டார்கள். அவர்கள் ஆளுக்கு இரண்டு சாக்கு. நூற்று நாற்பது பேர் இருக்கும். "அரிசி மேட்டுல இருக்கு, சாக்கை நனைச்சிட்டு வாங்க!" என்று கத்தினேன். எதற்கு நனைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கள் சிவப்பு வாளிகளில் தண்ணீர் இருந்தது. மணல் இருந்திருந்தால் நாங்கள் தொலைந்தோம். மேட்டுக்குப் போய்த் தீயைப் பார்த்த பிறகு ஒருவரும் திரும்பி ஓடவில்லை. இரண்டு மணி நேரம் அடித்தார்கள். பெரியமுத்துவுக்குக் கால்வலி இருந்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் சாம்பல் புதன். கோயிலில் நெற்றியில் பூசச் சாம்பல் கிண்ணத்தோடு வந்த சாமியார், கரி போகாத எங்கள் வரிசையைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் நேற்றே பூசியாச்சு போல" என்றார்.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். தீ அணைந்ததும் நூற்று நாற்பது பேரும் கரிச்சாக்கைப் பிழிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். "எங்கக்கா அரிசி?" என் வாயில் என்ன வந்ததோ, "சுப்பராமன் ஐயா அனுப்புவாக" என்று சொல்லிவிட்டேன். ஆமாம் ஐயா, தங்கள் பெயரைச் சொன்னேன். ஐந்து நாளாக யாரும் எனக்குத் தோத்திரம் சொல்வதில்லை. எதிரே பார்த்தால் "அரிசி எப்பக்கா?" என்றுதான். பெரியமுத்து பாதி மீசையோடு டிஸ்பென்சரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். "அடுத்த தடவையும் அதையே அடிங்க, நாங்க வாரோம். ஆனா அரிசி இருக்கணும்" என்கிறார்.

தாங்கள் சொன்னது சரி. ஏமாந்தவர்கள் மறுபடி வர மாட்டார்கள். அரிசி வராவிட்டால் நான் பொய்க்காரி, அடுத்த தீக்கு ஒருவரும் இல்லை. அரிசி வந்துவிட்டால் நான் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை. எது என்று தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த நாலரை மணியைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தேன். அழுதேன். கோபம் போய்விட்டது.

மதலேனம்மாள்.

*

ஸ்ரீராமஜயம்

முகாம்: போடி
15-3-1957

மதலேனம்மாள் அவர்களுக்கு.

இந்தக் கடிதத்தைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பின்னால் லாரியில் நானும் சேஷம்மாளும் பதினான்கு மூட்டை அரிசியும் வருகிறோம். நாளை சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அங்கே இருப்போம்.

எலப்புள்ளியில் எங்கள் நிலத்து நெல் களத்தில் கிடந்தது. "அத்தனையும் அரைக்கணும்" என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் கருப்புசாமி, "ஏனுங்க சாமி, ஊட்டுல ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்டான். "ஆமாம், ஒரு தீ அணைஞ்சுடுத்து" என்றேன். அவன் சேஷம்மாளைப் பார்த்தான். "அவர் சரியாத்தான் இருக்கார், நீ அரை" என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவு அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி வேண்டுமா என்று லாரிக்காரர் கேட்டார். நான் விசாரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை விசாரிக்காமல் விட்டேன். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்புறம் பொள்ளாச்சி தாண்டியதும் பசியெடுத்தது.

விதி 9 அப்படியே இருக்கும். அதை யாரும் மீறவில்லை. மணி அடித்தது நிஜம், அரிசி வருவதும் நிஜம், நடுவில் பதினோரு நாள் தாமதம். ஆபீஸ் வழக்கத்தில் அது தாமதமே அல்ல. புதிதாக விதி 37 எழுதியிருக்கிறேன்: தீக்கு மணி அடித்தால் மறுநாள் அரிசி உண்டு. ஐந்து மூட்டை எப்போதும் டிஸ்பென்சரியில் இருப்பில் இருக்க வேண்டும். வருஷா வருஷம் எலப்புள்ளியிலிருந்து வரும்.

இனித் தாங்கள் தலைவர். மறுக்க விதியில் இடமில்லை. பார்த்துத்தான் எழுதினேன். பெரியமுத்து மகளின் சீர் வாளியைத் திருப்பிக் கேட்க வேண்டாம். பன்றியை உறுப்பினராக வைத்துக்கொள்வது தங்கள் இஷ்டம்.

லாரி கடைசி வளைவு திரும்பியதும் தண்டவாளத்தை மூன்று தடவை அடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஓடி வருவதை நான் பார்க்க வேண்டும். அரிசி கொடுத்த பிறகு, வெட்டாமல் நின்ற கால் பங்கை என்னையும் ஒரு மண்வெட்டியோடு வெட்ட விடுங்கள். முதுகு பிடித்துக்கொண்டால் தங்களிடம் தைலம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெட்டியில் வைத்திருக்கிறீர்களே, என் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம், அதைத் தயாராக எடுத்து வையுங்கள். நாளை அந்த இருபத்திரண்டு வீட்டில் எந்த வீட்டு உலை முதலில் ஏறுகிறதோ, அந்த அடுப்பை அதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். நான்தான் பற்றவைப்பேன்.

பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி இருக்கட்டும். விதி 4.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
சுப்பராமன்,
செயலாளர்.